ஒளுத் தண்ணீரைச் சாக்கடையில் விடச் சொல்லி எந்த மத்ஹபும் சொல்லவில்லை

மிம்பரில், அதாவது பள்ளிவாசல் மேடையில், ‘வீண்விரயம் ஹராம்’ என்று பயான் நடக்கும். கீழே ஒளுச் செய்யும் (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும்) இடத்தில் குழாய்கள் முழுசாகத் திறந்து ஓடும், அத்தனையும் தெருச் சாக்கடைக்கே போகும். பரங்கிப்பேட்டையோ, புதுச்சேரி முல்லா வீதிப் பக்கமோ, கடலோர மஹல்லாக்களில் (பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்புகளில்) பெரும்பாலும் இதுதான் நிலை. சுற்றுச்சூழல் பற்றி ஆயத்து ஓதுகிறோம். ஃபிக்ஹு கிதாபில், அதாவது மார்க்கச் சட்ட நூலில், இதற்கென்றே உள்ள சட்டத்தைப் பிரிப்பதில்லை.

‘ஓடும் ஆற்றில் இருந்தாலும் விரயம் செய்யாதே’ என்ற ஹதீஸைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இப்னு மாஜா ஹதீஸ் தொகுப்பில் வருவது அது. அறிவிப்பாளர் வரிசையில் இப்னு லஹீஆ இருப்பதால் பலவீனம் என்றவர்கள் உண்டு. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருப்பது அதைவிடக் கெட்டி: நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து (அக்கால முகத்தலளவை) தண்ணீரில் ஒளுச் செய்தார்கள், ஒரு ஸாஉ (நான்கு முத்து) முதல் ஐந்து முத்து வரை குளிப்புக்கு எடுத்தார்கள். ஒரு முத்து என்பது அரை லிட்டரைச் சற்றே தாண்டும். குழாயடியில் வாளி வைத்து ஒருவரை ஒளுச் செய்யச் சொல்லி அளந்து பாருங்கள், தெரியும். ஆளுக்கு 5 லிட்டர் என்றே வைப்போம். வேளைக்கு 60 பேர், ஐந்து வேளை: ஒரு நாளைக்கு 1500 லிட்டர்.

‘அது முஸ்தஃமல் (ஒருமுறை பயன்பட்ட) தண்ணீர் ஆச்சே, எதற்கு ஆகும்?’ என்று உடனே ஒருவர் கேட்பார். கடலோரத்தில் நாம் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப், அதாவது இமாம் ஷாஃபியின் சட்ட மரபு. ஃபர்ளான (கட்டாயமான) கழுவலில் உடம்பை விட்டு விழுந்த தண்ணீர் சுத்தமானது, ஆனால் மறுபடி சுத்தப்படுத்தாது என்பதுதான் நம் சட்டம். இரண்டாவது, மூன்றாவது முறை கழுவிய தண்ணீருக்கு அந்தத் தடையும் இல்லை. சேர்ந்து இரண்டு குல்லத்து அளவு, அதாவது ஏறத்தாழ 200 லிட்டர் ஆகிவிட்டால் சுத்தப்படுத்தும் தன்மையே திரும்பிவிடும் என்பது மத்ஹபின் வலுவான சொல். ஹனஃபி மத்ஹபிலும் ஃபத்வா, அது நஜீஸ் (அசுத்தம்) இல்லை என்பதுதான். 1978லேயே சவூதியின் மூத்த உலமாக்கள் சபை, நிறம், வாடை, ருசி மூன்றும் போகும்படி முழுசாகச் சுத்திகரித்த சாக்கடைத் தண்ணீரில் ஒளுவே செய்யலாம் என்று முடிவெடுத்தது. நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். மூக்குச் சிந்திய தண்ணீரை மறுபடி ஹவுளில் (ஒளுச் செய்யும் தொட்டியில்) விட யாரும் கேட்கவில்லை. தென்னைக்கும் கக்கூஸ் ஃப்ளஷுக்கும் விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வேலை பெரிதில்லை, தப்பு நடக்கும் இடங்கள்தான் நிறைய. முதலில் ஒளுக் கால்வாயையும் இஸ்தின்ஜா (மலஜலம் கழித்தபின் கழுவும்) லைனையும் அடியோடு பிரிக்கவேண்டும். பழைய கட்டடங்களில் இரண்டும் ஒரே சேம்பரில் விழும். அங்கே கலந்தால் நஜீஸ், அப்புறம் பேச்சே இல்லை. சோப்புப் போடும் வாஷ்பேசினையும் தனியாக விடுங்கள். கால்வாய் முடியும் இடத்தில் தலைமுடிக்கும் குப்பைக்கும் ஒரு வலை, அடுத்து மணல் படிய மூடியுள்ள ஒரு சின்னத் தொட்டி, அதன் பிறகு ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி, கடைசியில் சேமிப்பு. ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள், நாற்றம் எடுக்கும். மூடி சரியில்லை என்றால் கொசு. படிவுத் தொட்டியை வழித்துப்போடும் பொறுப்பு பாங்கு சொல்லும் மோதினார் தலையில் விழும், அவர் சம்பளத்தில் அதற்கும் சேர்த்துக் கொடுங்கள்.

பிளம்பர்கள் சொதப்பும் ஒரு விஷயம்: ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் பைப்பிலேயே கழுவும் குழாயையும் இணைத்துவிடுவார்கள். ஷாஃபியில் இஸ்தின்ஜாவுக்குச் சுத்தப்படுத்தும் தண்ணீர்தான் வேண்டும். சேமிப்பில் 200 லிட்டர் இருக்கிறதா என்று யாரும் அளந்துகொண்டிருக்கப் போவதில்லை. அதனால் பைப் நிறத்தையே மாற்றிவிடுங்கள்.

மழையையும் விடக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் 100 மி.மீ. பெய்தால் 200 சதுர மீட்டர் மாடியில் 20,000 லிட்டர் விழும். ஆவியானதும் சிந்தியதும் போக 16,000 நிற்கும் என்று வையுங்கள். நம்மூர் மணல் அதை அப்படியே குடிக்கும். உறிஞ்சுகுழி செப்டிக் டேங்கை ஒட்டி மட்டும் வேண்டாம். பள்ளியின் நலனுக்கான செலவு இது, முத்தவல்லி (பள்ளி நிர்வாகி) வக்ஃபுப் பணத்தைத் தொடத் தயங்கவேண்டியதில்லை.

இதைவிடக் கஷ்டமான மஸ்அலா (சட்டச் சிக்கல்) போர்வெல். ‘தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கும் கூடாது’ என்ற ஹதீஸை ஓதிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. தன் மனையில் கிணறு வெட்டி, பக்கத்துக் கிணறு வற்றினால் தடுக்கமுடியாது என்றுதான் உஸ்மானியப் பேரரசின் சட்டத் தொகுப்பான மஜல்லாகூடச் சொல்கிறது. ஆனால் இமாம் நவவியின் ஷாஃபி சட்ட நூலான மின்ஹாஜில் ஒரு வரி உண்டு: உரிமையாளர் தன் சொத்தை வழக்கப்படி பயன்படுத்தலாம், வரம்பு மீறினால் ஈடு கட்டவேண்டும். 13ஆம் நூற்றாண்டின் வழக்கம் கயிறும் வாளியும் கால்நடை இழுக்கும் ஏற்றமும். மோட்டார் வைத்து இரவும் பகலும் இறைத்து டேங்கர் லாரியில் விற்பது எந்த ஊர் வழக்கம்? கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. மேல்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியில் உப்பு எல்லை கணக்குப்படி 40 மீட்டர் ஏறும். ஒருவர் விற்கும் லோடுக்கு, தெருவில் இருக்கும் அத்தனை கிணறும் கரிக்கும். இது வரம்பு மீறல்தான் என்பது என் கருத்து. ஆலிம்கள் வேறு சொன்னால் இபாரத்தோடு (கிதாபின் வாசகத்தோடு) சொல்லட்டும், கேட்கத் தயார். அதுவரை மஹல்லாவுக்குள் தண்ணீர் லோடு விற்பவரைக் கூப்பிட்டுப் பேசவாவது ஜமாஅத் நிர்வாகம் ஒரு கூட்டம் போடலாமே?