முந்திரி விளையற பண்ருட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஹேசல்நட்டா?

சாக்லேட் ஸ்ப்ரெட்டை வீட்டிலேயே ஆரோக்கியமா செய்யலாம்னு தேடினா, வர்ற செய்முறைல முதல் வரியே ‘இரண்டு கப் ஹேசல்நட்’, அந்த வெளிநாட்டுக் கொட்டை. கடலூர்ல எந்த மளிகைக் கடைலய்யா அதைச் சாக்குல கட்டி வச்சிருக்கான்? அடுத்த வரி மேப்பிள் சிரப், அதாவது மேப்பிள் மரத்துப் பாகு. விளங்கிடும்.

சரி, கடைல ‘ஹெல்தி’ன்னு ஒட்டின பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பாருங்க. எடைல அதிகமா இருக்கறதை முதல்ல போடணும்ங்கிறது லேபிள் விதி. பலதுல முதல்ல சர்க்கரை, அடுத்து பாமாயில், கொட்டை அதுக்கும் பின்னாடி. உலகமே வழிச்சுத் தின்கிற அந்த இத்தாலிய நுடெல்லாவுலயே ஹேசல்நட் 13 சதவீதம்தான், பாதிக்கு மேல சர்க்கரை. ‘சர்க்கரை சேர்க்காதது’ன்னு இருந்தா மால்டிடால் இருக்கான்னு தேடுங்க, சர்க்கரைக்குப் பதிலா போடற இனிப்பு அது. புள்ளைங்க ரெண்டு கரண்டி கூடத் தின்னா வயித்தைக் கலக்கிடும்.

நம்மூர்ல மல்லாட்டைக்கும் (வேர்க்கடலைதாங்க) முந்திரிக்கும் பஞ்சமா? முழு முந்திரிகூட வேணாம், உடைசல் போதும். எப்படியும் அரைக்கத்தானே போறோம்!

மல்லாட்டை 200 கிராம், முந்திரி 50. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை பிடிச்சதைப் பொறுக்கி எறிஞ்சிடுங்க, அந்த நஞ்சு வறுத்தாலும் முழுசா போகாது. சின்னத் தீயில பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வறுத்து, துணியில தேச்சு, முறத்துல தோலைப் புடைச்சிட்டு, சூடு முழுசா ஆறுறதுக்குள்ள சின்ன ஜார்ல போடணும். ஆறிட்டா எண்ணெய் பிரிய ரொம்ப நேரம் பிடிக்கும்.

இங்கதான் முக்கால்வாசிப் பேர் கவுந்துடுறாங்க. முதல்ல பொடியாகும், அப்புறம் உருண்டையா ஜார் ஓரத்துல அப்பிக்கும். உடனே ‘இறுகிடுச்சே’ன்னு தண்ணி ஊத்துறது! ஒரு கரண்டி தண்ணி போதும், மொத்தமும் களிமண்ணு. வெல்லப்பாகு, தேன், பால் ஊத்தினாலும் இதே கதிதான், ஈரம் ஈரம்தான். அரை நிமிஷம் ஓட்டு, ஒரு நிமிஷம் நிறுத்து, வழிச்சு விடு, மறுபடி ஓட்டு. ஏழெட்டுத் தடவைக்கு அப்புறம் தானா இளகி ஓடும். நிறுத்தாம ஓட்டினா மிக்ஸி சூடேறி நின்னுடும், அடியில இருக்கற சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இளகினதும் சலிச்ச கோகோ பவுடர் 20 கிராம், நாட்டுச் சர்க்கரைப் பொடி 50, உப்பு ஒரு சிட்டிகை, எண்ணெய் ரெண்டு டீஸ்பூன். இனிப்பு போட்ட டிரிங்கிங் சாக்லேட் இல்லீங்க, கசக்குமே அந்த கோகோ. கடல் காத்துக்கு நாட்டுச் சர்க்கரை கசிஞ்சு கட்டி தட்டிக் கிடக்கும். வறுத்த கடாய்ச் சூட்டிலேயே போட்டு உலர்த்தி, தனியா பொடிச்சுச் சேருங்க. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், யாரும் மருந்துன்னு நினைச்சு அள்ளிக் கொட்டாதீங்க. இந்த அளவுக்கு இனிப்பு மொத்த எடைல 15 சதவீதம் வரும். தேங்காய் எண்ணெய் ஃபிரிட்ஜ்ல இறுகிடும், கடலை எண்ணெயே போதும்.

பேரீச்சம்பழம் அரைச்சுப் போடறவங்க அதை ஃபிரிட்ஜ்ல வச்சு நாலஞ்சு நாள்ல காலி பண்ணிடணும். ‘மாசக்கணக்குல வெளியவே இருக்கும்’னு அடிச்சு விடறவங்களை என்ன செய்யறது?

அப்புறம், ரெண்டு நாள்ல மேல எண்ணெய் மிதக்கும். கெட்டுப்போச்சுன்னு சிங்க்ல கவுத்திடாதீங்க. கடைச் சரக்குல பாமாயில் இறுகிப் பிடிச்சு வச்சிருக்கும், இதுல அது இல்ல. காஞ்ச கரண்டியால அடி வரைக்கும் கிளறுங்க. கரண்டி காஞ்சிருக்கணும்னு எத்தனை தடவைதான் சொல்றது!