கதை எந்த இடத்தில் வருகிறது?
உடலை அசைத்து ஆடும் வீடியோ கேம்களில் கதையைச் சேர்த்தால் குழந்தைகள் கூடுதலாக உடற்பயிற்சி செய்வார்கள் என்ற கட்டுரையாளரின் கருத்தை ஏற்கிறேன். ஆனால், அந்தக் கதை எந்த இடத்தில் வருகிறது என்பதே முக்கியம். 2019இல் நின்டெண்டோ வெளியிட்ட ரிங் ஃபிட் அட்வென்ச்சர் என்ற உடற்பயிற்சி வீடியோ கேமில், நின்ற இடத்திலேயே ஓடினால்தான் திரையில் கதாபாத்திரம் முன்னேறும், குந்தி எழுந்தால்தான் எதிரிமீது அடி விழும் என்பதால், கதையின் வில்லனான தசை முறுக்கிய டிராகனைத் துரத்தும் ஆவலில் பிள்ளைகள் களைப்பை மறந்துவிடுகிறார்கள். (எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குத்தான் முதலில் மூச்சு வாங்கியது.) மாறாக, கதையை நீண்ட இடைக்காட்சிகளாக ஓடவிட்டால், அந்நேரமெல்லாம் குழந்தை உட்கார்ந்துதான் பார்க்கும். 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும்போது, கதை முடிந்த மறுநாளே விளையாட்டுக் கருவி அலமாரிக்குப் போய்விடாமல் தடுப்பது எப்படி என்பதையும் கட்டுரை பேசியிருக்கலாம்.