பைப்பை மாற்றினால் ஜெட்டையும் மாற்றுங்கள்

யமஹா பான்ஷீ என்ற டூ-ஸ்ட்ரோக் நான்கு சக்கர மண்பாதை வண்டியை மேம்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். முதலில் எக்ஸ்பேன்ஷன் சேம்பரையும் (புகை வெளியேறும் பைப்) ஏர் ஃபில்டரையும் மாற்றச் சொல்கிறது அது. சரி, ஆனால் கார்புரேட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! காற்று கூடும்போது, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் கலவையில் பெட்ரோல் குறையும். இந்த வண்டியில் பிஸ்டனுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடு கலந்துதான். அது குறைந்தால் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். பெரிய ஜெட்டில் தொடங்கி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பதுதான் பாதுகாப்பு. கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனையில் காற்று புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்து வெளிக்காற்றை இழுத்தாலும் இதே கதிதான். அதனால் இன்ஜினில் காற்று நுழையும், புகை வெளியேறும் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடைத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் சஸ்பென்ஷன். என்னைக் கேட்டால் பணத்தை முதலில் இங்கேதான் போட வேண்டும். இதன் 347 சிசி இரட்டை சிலிண்டர் இன்ஜின் மாற்றம் இல்லாமலே நன்றாக இழுக்கும். அகலமான ஏ-ஆர்ம் (முன்சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) போட்டால் நெம்புகோல் நீளம் கூடி, பழைய ஸ்பிரிங் தொய்ந்துவிடும். ஓட்டுபவரின் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்த்தே வாங்குங்கள். மாட்டியதும் டோ-இன்னை (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) சரிபார்க்காமல் வேகமாக ஓட்ட வேண்டாம், ஹேண்டில்பார் ஆடும்.