ஸ்நார்க்கலைக் கழற்றச் சொல்லாதீர்கள்

"ஸ்கூபாவுக்கு எதுக்குங்க ஸ்நார்க்கல்? கழட்டி வச்சிட்டு வாங்க." சிலிண்டர் காற்றோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபாவுக்காகப் படகில் ஏறும்போதெல்லாம், நீர்மட்டத்தில் முகம் கவிழ்ந்தபடியே மூச்சுவிட உதவும் ஸ்நார்க்கல் குழாயைப் பற்றி இதே பேச்சு. எரிச்சலாக வருகிறது. புதுச்சேரிக் கடல் என்ன நீச்சல் குளமா?

போன மாதம் மேலே வந்தபோது 12 லிட்டர் சிலிண்டரில் காற்றழுத்தம் 40 பார்தான் மிச்சம். அதாவது 480 லிட்டர் காற்று. பதற்றத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுத்தால் இருபது நிமிடம்கூடத் தாங்காது. படகோ தூரத்தில். அலை முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. அந்தக் குழாய்தான் மூச்சு கொடுத்தது.

மாஸ்க் வாரில் மாட்டினால் நீரோட்டத்தில் இழுக்கும், முடி சிக்கும், ஒப்புக்கொள்கிறேன். மடித்துப் பையில் வைக்கிற ரகம் கடையில் கிடைக்கிறதே! ஸ்நார்க்கலிலிருந்து, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டருக்கு மாறப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடலுக்கு வந்ததும் வேண்டாம் என்பது என்ன நியாயம்?