லொறி வந்திட்டுது, லிஃப்ட் திறக்கேல்லை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனையிறவு தாண்டி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கி, வவுனியா, அநுராதபுரம், புத்தளம் எண்டு இரவோடிரவா ஓடி, விடிய எங்கட வீட்டுச் சாமான் ஏத்தின லொறி கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திட்டுது. வயித்தெரிச்சல் எல்லாம் குடிபோக வாடகைக்கு எடுத்த அடுக்குமாடி வீட்டு வாசலிலதான்.

"பத்து மணிக்கு முந்தி சாமான் ஏத்தேலாது" எண்டு காவலாளி. லிஃப்டில அலுமாரி, கட்டில் கொண்டுபோகவும் கூடாதாம். அட்வான்ஸ் வாங்கேக்க இதை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லேல்லை! காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில உள்ள ஒழுங்கை. லொறி நிண்டால் ஓட்டோகூடப் போகேலாது. பின்னால ஹோர்ன் சத்தம் காதைப் பிளக்குது. அம்மா தையல் மெசினைப் பிடிச்சபடி மதிலோரம் நிக்கிறா. இரவு முழுக்க நித்திரை இல்லாத மனுசி, கால் வீங்கிப்போச்சு. உள்ளுக்க வந்து இருங்கோ எண்டு ஒரு கதிரை தர ஆளில்லை.

கடைசியில அலுமாரி படியாலதான் ஏறினது. மாடிக்கு மாடி கூலி கூடிச்சுது. தேக்கு அலுமாரி, அப்பப்பா காலத்துச் சாமான். திருப்பத்தில சுவரில உரசி, கண்ணாடிக் கதவில நீளமா ஒரு வெடிப்பு.

வீடு வாடகைக்கு விடுறவை தண்ணிக் காசு, கரண்டுக் காசு எல்லாம் வரி வரியா எழுதித் தருகினம். சாமான் ஏத்துற நேரத்தையும் அதில எழுதுங்கோவன்! தூரத்திலிருந்து வாற சனம் அதுக்கேற்ற மாதிரி வெளிக்கிடும்.