கணக்குப்பதிவு மட்டும் போதாது
வளரும் நாடுகளின் சிறு வியாபாரிகளுக்கு வகுப்பில் கணக்குப்பதிவு கற்றுத் தந்தாலே போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறு வணிகர்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. தானே முன்வந்து வாய்ப்பைத் தேடப் பழக்கிய பயிற்சியில் லாபம் 30 விழுக்காடு கூடியது. கணக்குப்பதிவு உள்ளிட்ட வழக்கமான வணிகப் பாடம் படித்தவர்களுக்கு 11 விழுக்காடுதான், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. இதை நானே பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரின் தேக்காவில் தீபாவளிச் சந்தையில் அம்மாவோடு முறுக்கு விற்றபோது முதல் இரண்டு நாள் பெரிய பொட்டலங்கள் அப்படியே தேங்கின. எனக்குக் கணக்கு நன்றாகவே வரும், ஆனால் நஷ்டத்தை எழுதி வைக்கத்தான் அது உதவியது. வருகிறவர்கள் நின்றபடி கொறிக்கத்தான் கேட்கிறார்கள் என்று கவனித்தது அம்மா. மூன்றாம் நாள் இரண்டு வெள்ளிக்குச் சின்னப் பொட்டலம் போட்டோம், இருட்டுவதற்குள் தீர்ந்தது.