‘நோ ப்ராப்ளம்’ என்று சொல்பவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

பழைய காருக்கு ஆடியோ சிஸ்டம் மாட்டித் தருகிறேன் என்று ஒருவன் சொல்லிவிட்டு, இது எந்த வருஷத்து வண்டி, எர்த் எந்தப் பக்கம், அதாவது பேட்டரியின் எந்த முனை காரின் பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையா? சாவியை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள். அவன் சிரித்த முகமாக ‘நோ ப்ராப்ளம், அரை நாள் வேலை’ என்று வேறு சொன்னால் நடந்து வராதீர்கள், ஓடி வாருங்கள்.

என்னுடையது 1966 எம்ஜிபி. கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், 1,798 சிசி. இங்கே இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள், மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். ஆக, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற அபூர்வப் பொருளெல்லாம் இல்லை. ஸ்குரூவிலிருந்து முழு பாடி வரைக்கும் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த நாட்டில் பாட்டு வைக்கத் தெரிந்த ஆள் இல்லை என்றால் எரிச்சல் வருமா வராதா?

நான் கேட்டது ரொம்பக் கொஞ்சம். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டு வரணும், வழி சொல்கிற குரல் காதில் விழணும். எந்த இரும்பையும் வெட்டக் கூடாது, நாளைக்கே எல்லாவற்றையும் கழற்றினால் கார் 1966-இல் இருந்த மாதிரியே திரும்பக் கிடைக்கணும். டிக்கி நிறைய சப்வூஃபர் கேட்கவில்லை, நீலக் கலர் லைட் கேட்கவில்லை.

இதைச் சொன்ன உடனே ஒரு கூட்டம் வரும். "ஐயோ, இந்த வண்டிக்கு எதற்குப் பாட்டு? இன்ஜின் சத்தமே சங்கீதம்தானே!" சரி ஐயா. நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து வண்டியை வெளியே எடுத்து, புல்வெளியில் நிறுத்தி, மடக்கு நாற்காலி போட்டு உட்காருகிறவர். நான் மழையிலும் ஓட்டுகிறேன், மோட்டார்வேயில் மூன்று மணி நேரம் ஓட்டுகிறேன். மூன்று மணி நேரம் அந்த நாலு சிலிண்டர் ஒரே சுருதியில் பாடுவதை நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள், அப்புறம் சங்கீதத்தைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த கூட்டம், "அந்தக் காலத்து ரேடியோவையே வாங்கி மாட்டிவிடுங்களேன்" என்பவர்கள். மாட்டலாம். இந்தக் கார் புதிதாக வந்தபோது ரேடியோ என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற சமாச்சாரம், வாங்காதவர்களுக்கு அந்த இடத்தை மூட எம்ஜி முத்திரை பதித்த ஒரு தட்டு போட்டுக் கொடுத்தார்கள். அதில் உட்காருகிற பழைய செட்டில் மீடியம் வேவும் லாங் வேவும் வரும், அவ்வளவுதான். இப்போது அதில் என்ன கேட்பது? லாங் வேவில் வந்துகொண்டிருந்த கிரிக்கெட் வர்ணனை 2023 ஆஷஸோடு முடிந்தது. பிபிசியின் ரேடியோ 4 நிலையம் லாங் வேவில் தனியாகப் போட்டுவந்த நிகழ்ச்சிகளை 2024 மார்ச்சோடு நிறுத்தினார்கள். மீடியம் வேவ் நிலையங்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. அழகான குரோம் குமிழைத் திருகித் திருகி இரைச்சலைத்தான் கேட்கணும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கரன்ட்.

இன்றைக்குப் புதிதாக வருகிற கார் எதுவாக இருந்தாலும் பேட்டரியின் மைனஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். 1967 கடைசி வரைக்கும் வந்த எம்ஜிபியில் தலைகீழ். பிளஸ்தான் பாடி, பாசிட்டிவ் எர்த் என்பார்கள். காரின் இரும்பு முழுக்கவே பிளஸ். இப்போது விற்கிற எந்த செட்டாக இருந்தாலும் அதன் வெளிப்பெட்டி மைனஸ். இதைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, முதல் கடைக்காரரிடம் கையில் கொடுத்து, வாயாலும் சொன்னேன். அந்தத் தம்பி தலையாட்டினான், நோ ப்ராப்ளம் என்றான், காகிதத்தை டாஷ்போர்டு மேல் வைத்தான், பிறகு செட்டின் கறுப்பு வயரைக் கொண்டுபோய் பாடியில் முறுக்கினான். புது செட், பெட்டி பிரித்து பத்து நிமிஷம் ஆகவில்லை, ஃபியூஸ் போய், உள்ளேயிருந்து அந்த வாசனை வந்தது. எலெக்ட்ரானிக் சாமான் கருகுகிற வாசனை தெரியும் அல்லவா? அதுதான். அதற்கு அவன் சொன்ன விளக்கம், "பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும்." வண்டி அறுபது வருஷமாக ஒழுங்காகத்தானே இருக்கிறது தம்பி, பத்து நிமிஷத்துக்கு முன்னால் வரைக்கும்கூட!

இங்கே இன்னொரு பழைய ஜோக் உண்டு. இந்தக் கார்களின் மின்சார சாமானெல்லாம் லூகாஸ் கம்பெனி செய்தது. எங்கே எந்த விளக்கு அணைந்தாலும் "லூகாஸ்தானே, இருட்டின் இளவரசன்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். நம் ஊரில், சென்னையில் பாடி என்கிற இடத்து மேம்பாலத்துக்குப் பக்கத்தில் 1961-லிருந்து இருக்கிற லூகாஸ் டிவிஎஸ்ஸின் மூலக் கம்பெனி இதே லூகாஸ்தான், பேருந்து நிறுத்தத்துக்கே அந்தப் பெயர் இருக்கிறது. அதனாலோ என்னவோ, அந்த ஜோக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. லூகாஸ் வயருக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. பழுப்பு என்றால் எப்போதும் கரன்ட். வெள்ளை என்றால் சாவி போட்டால் கரன்ட். பச்சையும் சாவிதான், ஆனால் ஃபியூஸ் வழியாக. சிவப்பு பார்க் லைட். கறுப்பு எர்த். ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அறுபது வருஷமாக வந்தவன் போனவனெல்லாம் அதில் ஒட்டுப் போட்டு, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் பழியை மட்டும் லூகாஸ் மேல் போட்டால் எப்படி?

பாசிட்டிவ் எர்த்தை அப்படியே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு, நடுவில் பிளஸ் மைனஸைத் திருப்பித் தருகிற ஒரு கன்வெர்ட்டர் போட்டு, செட்டைப் பாடியில் எங்கேயும் படாமல் ரப்பரில் நிறுத்தலாம். ஆன்டெனா கேபிளின் வெளிவலையும் பாடியில் தொடும் என்பதை மறந்தால் அங்கேயும் புகைதான். லைட்டர் சாக்கெட்டில் சாதாரண போன் சார்ஜரைச் செருகினால்கூட பிளஸ் மைனஸ் மாறித்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் பயந்துகொண்டு எப்படி ஓட்டுவது? கடைசியில் ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக் பெரியவரிடம் போய் நெகட்டிவ் எர்த்துக்கே மாற்றிக்கொண்டேன். ஒரு மத்தியானத்தில் முடித்தார். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் திருப்பி வைத்தார், பிளஸ் முனை கொஞ்சம் தடிமன் என்பதால் கிளாம்ப்பையும் மாற்றினார். டைனமோவில் எஃப் என்று குறித்த முனையைப் பேட்டரியின் கரன்ட் வயரால் ஒரு நொடி தொட்டார், சின்னப் பொறி, அது புது திசையைக் கற்றுக்கொண்டது. ஸ்பார்க்குக்குக் கரன்ட் கொடுக்கிற இக்னிஷன் காயிலில் வயரை இடம் மாற்றினார். ஆர்பிஎம் மீட்டரைக் கழற்றி உள்ளே இரண்டு இணைப்பைத் திருப்பினார், இல்லையென்றால் முள் அசையாது. நடுவில் டீ குடித்தார். இவ்வளவுதான் வேலை! தெரிந்தவர் கையில் இவ்வளவுதான் வேலை!

இதற்கு அப்புறமாவது சரியாகியிருக்கணும் அல்லவா? இரண்டாவது கடை. கார் இப்போது இன்றைய கார் மாதிரியே நெகட்டிவ் எர்த். மாட்டினார்கள், பாடிற்று, சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன், அன்று ராத்திரி வரைக்கும்தான். மறுநாள் காலையில் சாவி போட்டால் செட்டுக்கு உயிரே இல்லை. இருட்டின பிறகு எடுத்தால் அருமையாகப் பாடுகிறது. பகலில் ஊமை, ராத்திரியில் கச்சேரி. என்ன என்று டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துப் பார்த்தால், செட்டிலிருந்து வருகிற சிவப்பு வயரைக் காரின் சிவப்பு வயரில் சேர்த்திருக்கிறார்கள். சிவப்புக்குச் சிவப்பு! இப்போதைய செட்டில் சிவப்பு என்றால் சாவி. லூகாஸில் சிவப்பு என்றால் பார்க் லைட். பட்டப்பகலில் பாட்டு கேட்க நான் பார்க் லைட்டைப் போட்டுக்கொண்டு போகணும். பத்து பவுண்டு மீட்டர் ஒன்றை வைத்து அரை நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கலரைப் பார்த்து ஜோடி சேர்ப்பது எல்கேஜி பிள்ளைக்குக் கொடுக்கிற வீட்டுப்பாடம், அதற்கு மணிக்கு இத்தனை பவுண்டு என்று பில்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லவே இல்லையே. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு விசில் ஏறிக்கொண்டே போகும், அது டைனமோ. பின்பக்கம் பேட்டரிக்குப் பக்கத்திலிருக்கும் பெட்ரோல் பம்ப் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் ஸ்பீக்கரில் ‘டிக்’. சோகப் பாட்டுக்கு நடுவில் டிக், டிக். இதெல்லாம் புது வியாதி இல்லை. 1960-களில் ரேடியோ மாட்டினவர்கள் டைனமோவிலும் காயிலிலும் இந்த இரைச்சலை அடக்கச் சின்னக் கண்டென்சர் ஒன்றை வைத்துவிட்டுத்தான் காரை வெளியே விட்டார்கள். செட்டோடு அந்தச் சாமானையும் கொடுப்பார்கள். இப்போது கடையில் கேட்டால், "புளூடூத் சிக்னல் வீக்காக இருக்கும், போனை அப்டேட் செய்து பாருங்கள்" என்கிறார்கள். என் போனுக்கும் என் பெட்ரோல் பம்ப்புக்கும் என்ன சம்பந்தம்?

செட் விற்கிறவர்களையும் விட்டுவிட முடியாது. பழைய காருக்கென்றே ‘ரெட்ரோ’ என்று பெயர் போட்டு விற்கிறார்கள். இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் சின்ன முகப்பு, படத்தில் அப்படியே 1960-கள். வாங்கிப் பிரித்தால் குரோம் எல்லாம் பிளாஸ்டிக், முகப்பில் நீல வெளிச்சம், ராத்திரி ஓட்டும்போது கண்ணைக் குத்துகிறது. சாதாரண செட் வாங்கலாம் என்றால் 180 மில்லிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர் ஓட்டை கேட்கும், அந்த அளவு வழக்கத்துக்கு வந்ததே இந்தக் கார் பிறந்து வெகு காலம் கழித்து. எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்த புண்ணியவான் யாரோ, அந்த அளவுக்காக நடுப் பலகையை ரம்பத்தால் அறுத்துவைத்திருக்கிறார், அதுவும் கோணலாக. போர்ஷேக்காரன் தன் பழைய 911-க்கு, பழைய ஓட்டையிலேயே உட்காருகிற மாதிரி, தொடுதிரையோடு ஒரு செட்டை 2020-இல் தானே செய்து விற்றான். விலை தலையைச் சுற்றும், ஆனால் செய்தான். எம்ஜிக்காரனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

அப்புறம் அந்த ‘4 x 50 வாட்’. பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருப்பார்கள், மொத்தம் 200 வாட். செட்டின் பின்னால் இருக்கிற ஃபியூஸைப் பாருங்கள், என்னுடையதில் 10 ஆம்பியர். 12 வோல்ட்டைப் பத்தால் பெருக்கினால் 120. பிறகு அந்த 200 எங்கிருந்து வருகிறது, ஆகாசத்திலிருந்தா? இதிலும் கடைக்காரர், "திறந்த கார், காற்றுச் சத்தம் ஜாஸ்தி, தனியாக ஒரு பெரிய ஆம்ப், ஆம்ப்ளிஃபையர் போட்டுவிடலாம்" என்றார். என் டைனமோ முழு மூச்சில் ஓடினாலே 22 ஆம்பியர்தான் தரும். சிக்னலில் நிற்கும்போது அதுவும் தராது, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லும். ஹெட்லைட்டுக்கு எட்டு, ஸ்பார்க்குக்கு மூன்று நாலு, மழை பெய்தால் வைப்பர், குளிருக்கு ஹீட்டர் ஃபேன். மிச்சம் என்ன இருக்கிறது உங்கள் பெரிய ஆம்புக்கு? இந்தக் கணக்கை அவரிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டில் ஐன்ஸ்டீனைப் பற்றிப் பேசினவனைப் பார்ப்பது போல.

இதெல்லாம்கூடப் போகட்டும். கதவு.

ஸ்பீக்கரைக் காலடியில் பக்கவாட்டில் சின்னப் பெட்டியாக வைக்கலாம், சீட்டுக்குப் பின்னால் வைக்கலாம், எதையும் வெட்ட வேண்டியதில்லை. அதைத்தான் கேட்டிருந்தேன், எழுதியும் கொடுத்திருந்தேன். இந்த இரண்டாவது கடைக்காரர்கள் கதவில் வைத்தார்கள். உள்பக்க அட்டையை வெட்டினால்கூட மன்னிக்கலாம், புது அட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அட்டைக்குப் பின்னால் இருக்கிற இரும்பையும் வட்டமாக அறுத்துவிட்டார்கள், ஆறரை இன்ச். அறுத்த விளிம்பில் ஒரு பொட்டு பெயிண்ட் கிடையாது, இந்த ஊர் ஈரத்தில் இரண்டு வாரத்தில் துரு. ஆயிரம் வருஷத்துக் கருங்கல் தூணுக்குப் பச்சை எனாமல் அடித்துவிட்டு ‘திருப்பணி உபயம்’ என்று பெயர் எழுதுகிற ஆட்களுக்கும் இவர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைவிட, ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தம் எவ்வளவு ஆழம் போகும் என்று அளந்து பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கினால் முக்கால் தூரம் இறங்கி, ‘டங்’ என்று காந்தத்தில் இடித்து நிற்கிறது. கூரையை மடக்கிவிட்டு ஓட்டுகிற காரில் கண்ணாடி மட்டும் கால்வாசி மேலே நிற்கிறது! கேட்டால், "பாட்டு நன்றாகக் கேட்கணும்னா கதவுதான் சரியான இடம், நாங்கள் உங்களுக்கு நல்லதுதான் செய்தோம்" என்று அந்த மேனேஜர் அசராமல் சொல்கிறார். பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம். அடுத்த தடவை வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். அடுத்த தடவை!

புதுக் கதவு கிடைக்கும், விலையைப் பார்த்து மூடிவைத்துவிட்டேன். தவிர, பழைய ஒரிஜினல் கதவுதான் இடுக்கு இல்லாமல் உட்காரும் என்று பெரியவர் சொன்னார். தேடினேன். உடைத்த காரிலிருந்து எடுத்தது, துரு இல்லை, அடிபடவில்லை, உள் அட்டைகூட அப்படியே இருக்கிறது என்று ஒருவர் படம் அனுப்பினார். ஒரு ஜோடி, பேரம் பேசி, லாரி வாடகையும் கொடுத்து வரவழைத்தேன். போன சனிக்கிழமை ஷெட்டில் வைத்து உள் அட்டையைக் கழற்றினேன். உள்ளே இரும்பில் வட்டமாக ஒரு ஓட்டை. டேப் வைத்து அளந்து பார்த்தேன், அதுவும் ஆறரை இன்ச்.